சவ்வாது மலை மக்கள்

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிப் புகைவண்டியில் செல்வோர், ஆம்பூரைக் கடக்குங்கால் இடப்பக்கத்தே நீண்டு தொடரும் மலைவரிசை ஒன்றைக் காண்பர். அதுவே சவ்வாது மலை. ஜவ்வாது என்றும் எழுதுவர். வடக்கே பாலாறு ஓடுகிறது. தெற்கே செங்கம் கணவாயும், அதற்கும் அப்பால் தென்பெண்ணையும் உள்ளன. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இம்மலை, முன்னாளில் வட ஆர்க்காடு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அம்மாவட்டம் 1989ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் பிரிக்கப்பட்டமையால், இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்கள் இம்மலையைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன.

வானநூல் பயில்வோர் இம்மலையில் உள்ள காவலூரை நன்கு அறிவர். 1968ஆம் ஆண்டு முதல் அங்கே வான ஆராய்ச்சி நடைபெற்று வருகிறது. 1977இல் யுரேனசு என்னும் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்குச் சான்று கண்ட இடங்களுள் காவலூரும் ஒன்று. எட்டாத் தொலைவில் இயங்கும் கோள்களைப் பற்றி அவ்விடத்திலிருந்து எழுதப்பட்ட கட்டுரைகள் பல. அத்தொலைநோக்கியைச் சுற்றிலும் சாமை விதைத்து வாழும் மக்களைப் பற்றி எழுதப்பட்டவையோ மிகச் சில. அம்மக்கள் யாவர், எங்கிருந்து வந்தனர், எத்தெய்வங்களைத் தொழுகின்றனர் என்பவற்றையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

இம்மலையில் வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படுவோர் ஆவர். இப்பெயரைக் கேட்டவுடன் கேரள நாட்டினர் என்று எண்ணிவிடுதல் கூடாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ். தம்மைக் கவுண்டர் என்று கூறிக்கொள்வர். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை, பச்சை மலை, சித்தேரி மலை, ஏலகிரி மலை ஆகியவற்றிலும் இவ்வினத்தார் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டில் இவர்களின் தொகை மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டது. தமிழ்நாட்டுப் பழங்குடி இனங்களுள் தொகையால் முதலிடம் பெற்றவர் இவர்களே.

இவர்களுக்கு எழுதி வைத்த வரலாறு இல்லை. அரசர் எவரும் இவர்களைப் பாடச் சொல்லிப் புலவரை அனுப்பவில்லை. இவர்கள் தம்மைப் பற்றிக் கல்லில் பொறித்துக் கொள்ளவுமில்லை. இருப்பது ஒரு பழங்கதை. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வெளிவந்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் அது பதிவு பெற்றது. ஆர்தர் காக்ஸ் என்பவர் 1881இல் இயற்றி, பின்னர் ஹெரால்டு ஸ்டூவர்ட் என்பவர் விரித்துத் திருத்திய நூல் அது. எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் அக்கதை இடம்பெற்றுள்ளது. கதை வருமாறு:

சக ஆண்டு 1055இல், கங்குந்தி என்னும் ஊரைச் சேர்ந்த வேடர் சிலர், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினங்கொண்ட வேடர், வேளாளப் பெண்கள் எழுவரைக் கவர்ந்துகொண்டு கங்குந்திக்கு ஏகினர். அப்பெண்களை மீட்க வேளாளர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். புறப்படுமுன், தத்தம் மனைவியரிடம், “நாய்கள் மட்டும் தனித்துத் திரும்பி வருமாயின், நாங்கள் இறந்துபட்டோம் என்று கொண்டு ஈமக்கடன்களைச் செய்துவிடுக” என்று கூறிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம் புரண்டு ஓடியது. எழுவரும் அரிதின் முயன்று கரையேறினர். நாய்களோ பாதிவரை நீந்தி, மேலே செல்லமாட்டாமல் திரும்பிக் காஞ்சியை அடைந்தன. மனைவியர் அழுதனர், கடன் கழித்தனர், கைம்பெண் கோலம் பூண்டனர். எழுவரும் கங்குந்தி சென்று வேடரைக் கொன்று, வந்த செயலை முடித்து ஊர் திரும்பினர். திரும்பியவர்களை ஊர் ஏற்கவில்லை. உயிரோடு நிற்பினும் அவர்கள் இறந்தவர்களே! சடங்கு முடிந்துவிட்டது, அதனை மீட்க வழியில்லை. ஆகவே அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து, சவ்வாது மலையேறி, நிலம் திருத்திப் பயிர் செய்து வாழத் தலைப்பட்டனர். அவர்தம் வழிவந்தோரே மலையாளிகள்.

இக்கதை நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே உரைப்பதன்று என்பது வெளிப்படை. ஏழு பெண்கள், ஏழு ஆடவர், ஏழு நாய்கள் என்னும் எண்களே கதையின் இயல்பைக் காட்டிவிடும். ஆண்டுக் கணக்கும் ஐயத்துக்குரியது. சக ஆண்டு 1055 என்பது கி.பி. 1132ஐ ஒட்டியது, சோழப் பேரரசை விக்கிரம சோழன் ஆண்ட இறுதிக் காலம். ஆனால் சேலம் பகுதி மலையாளிகள் கூறும் கதை வேறு. அங்கே இஸ்லாமியர் ஆட்சி தெற்கே பரவிய காலத்தில், ஏறத்தாழப் பத்துத் தலைமுறைக்கு முன், காஞ்சியினின்று மூன்று சகோதரர் புறப்பட்டு வந்தனர் என்றும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மலையை அடைந்தனர் என்றும் சொல்லப்படுகிறது. சோழர் காலமும் பத்துத் தலைமுறையும் ஒத்து வரமாட்டா. கரிராமன் என்னும் தெய்வம் காஞ்சியை விட்டு நீங்கியது என்றும், அத்தெய்வத்தைப் பின்தொடர்ந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆகியோர் வந்தனர் என்றும் மற்றொரு வழக்கும் உண்டு.

கதைகள் இங்ஙனம் முரண்பட்டாலும், காஞ்சி என்னும் ஒரு சொல்லை அவற்றுள் எதுவும் விட்டுவிடவில்லை. காஞ்சியோ பல்லவர் தலைநகர். கல்வியிற் பெரிய ஊர். வேளாண்மையில் சிறந்த தொண்டை நாட்டின் நடுவிடம். அங்கிருந்து வந்தோம் என்பது பெருமைக்குரிய செய்தி. கீழ்நாட்டார் மலைவாழ்நரைத் தாழ்வாக நோக்கியபோது, “நாங்களும் உங்களைப் போன்றவர்களே, ஒரு வெள்ளத்தாலும் சில நாய்களாலும் பிரிந்தோம்” என்று மறுமொழி கூற இக்கதை பயன்பட்டிருக்கும். மலையாளிகள் கீழ்நாட்டு வேளாளருடன் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளாமைக்கும் இக்கதையே காரணம் கற்பிக்கிறது. இறந்தவருக்கு யார் பெண் கொடுப்பர்?

ஆயினும், பெருமை கருதிச் சொல்லப்படும் இதே கதை, மறைக்கக்கூடிய ஒன்றை மறையாமல் கூறுகிறது. தந்தையர் காஞ்சியினர், தாயரோ வேடர் குலத்தினர். அஃதாவது, மலையாளி இனத்தின் செம்பாதி மலைக்கு வந்ததன்று. மலைநாட்டில் முன்னரே இருந்தது. வரலாறு பயில்வோர் இக்கதையில் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

வேளாளர் வருகைக்கு முன்னரே இம்மலைப் பகுதியில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்குக் கதையை நம்பியிருக்க வேண்டுவதில்லை. மலைமேல் பல இடங்களில் பெருங்கற்களை நிறுத்தி மூடுகல் இட்ட கற்றிட்டைகள் உள்ளன. முன்னொரு காலத்தில் குள்ளர் வாழ்ந்த வீடுகள் என்று ஊரார் அவற்றைச் சொல்வதுண்டு. புதிய கற்காலத்தில் தேய்த்து மெருகிட்ட கற்கோடரிகளும் கிடைக்கின்றன. சில ஊர்களில் அக்கோடரிகளை மரத்தடியில் வைத்து மக்கள் வழிபடுகின்றனர். தம் கையில் உள்ளது பல்லாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உழைப்பாளி ஒருவனின் கருவி என்பது அவர்க்குத் தெரியாது. ஆனால் அது எளிய கல் அன்று என்பது தெரிந்திருக்கிறது.

சங்க இலக்கியச் சான்றும் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவில் இருந்து ஆண்ட நன்னன் என்னும் தலைவனைப் பாடுகிறது. அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். அந்நூல் கூறும் சேயாறு, சவ்வாது மலையில் தோன்றி ஓடும் செய்யாறு. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர், வழியில் கானவரையும் குறவரையும் சந்திக்கின்றனர். தினை விளையும் புனங்களைக் கடக்கின்றனர். தேனும் ஊனும் உண்டு இளைப்பாறுகின்றனர். மலைநாட்டு வாழ்வை இத்துணை விரிவாகக் காட்டும் பழந்தமிழ் நூல் வேறொன்று காண்பது அரிது.

மலையடிவாரத்தில் மற்றொரு வகைச் சான்று கிடைக்கிறது. செங்கத்தைச் சுற்றிய ஊர்களில் பல்லவர் காலம் முதலாகப் போரில் பட்ட வீரருக்கு நட்ட நடுகற்கள் மிகுதியாக உள்ளன. தமிழ்நாடு தொல்பொருள் துறை அவற்றைத் தொகுத்து 1972இல் நூலாக வெளியிட்டது. பெரும்பாலானவை வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. ஆநிரை கவர்தலும் மீட்டலுமே அவற்றின் பொருள். அவற்றுள் எடுத்தனூரில் உள்ள கல் தனிச்சிறப்புடையது. மகேந்திரவர்மன் காலத்ததாகிய அக்கல், எருமைகளைக் காத்து நின்று உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுக்கப்பட்டது. வீரன் உருவத்தின் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவன் பக்கத்தே காத்து நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதி வைத்த நாடு இது. மலையாளிகளின் பழங்கதையில் நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. எடுத்தனூர் நாயோ திரும்பவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. நாயின் வரவையும் செலவையும் மனிதன் உயிரோடு சேர்த்து எண்ணிய பண்பாடு இவ்வட்டாரத்துக்குப் பழகியது என்று மட்டும் கொள்ளலாம்.

இந்நடுகற்களை இன்று மக்கள் எப்பெயரால் தொழுகின்றனர் தெரியுமா? பல ஊர்களில் வேடியப்பன் என்னும் பெயரால். வேடியப்பனுக்குப் பொங்கலிடுவர்; ஆடு கோழி பலியிடுவர்; பிள்ளைகளுக்கு அப்பெயரைச் சூட்டுவர். வேடர் அனைவரும் கொல்லப்பட்டனர் என்று கதை கூறுகிறது. மலையடிவாரத்திலோ வேடன் அப்பனாகி, தெய்வமாகி நிற்கின்றான். பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு பெரிய முடிவுகட்குச் செல்லுதல் தகாது. எனினும், தோற்றவரின் தெய்வம் வென்றவரின் ஊரில் நிலைத்து நிற்பது உலக வரலாற்றில் புதுமையன்று.

இனி, அத்தாயரைப் பற்றி எண்ணிப் பார்ப்போம். கதையில் அவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் பேசிய ஒரு சொல்லும் இல்லை. இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு நாட்டை நினைவுகூர்தல் பயன் தரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா, நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் வாழும் நாடு. அவற்றுள் பெரிய இனம் கிக்கூயு. அவர்களும் ஒரு மலையை நோக்கித் தொழுபவர்களே. கென்யா மலைமேல் உறையும் இறைவன், கிக்கூயு என்னும் முதல் தந்தைக்கும் மும்பி என்னும் முதல் தாய்க்கும் நிலம் அளித்தான் என்பது அவர்கள் வழக்கு. இருவருக்கும் ஆண்மகவு இல்லை, பெண்மக்கள் ஒன்பதின்மர். இறைவன் அருளால் ஓர் அத்திமரத்தடியில் ஒன்பது இளைஞர் தோன்ற, பெண்கள் அவர்களை மணந்தனர். கிக்கூயுக் குலங்கள் இன்றும் அப்பெண்களின் பெயர்களையே தாங்கி வழங்குகின்றன. வந்த மாப்பிள்ளைகளின் பெயர்களை எவரும் நினைவில் வைக்கவில்லை. கென்யா 1963இல் விடுதலை பெற்றபோது தலைமை அமைச்சராகிய ஜோமோ கென்யாட்டா, 1938இல் தம் மக்களைப் பற்றி எழுதிய நூலில் இதனை விரிவாகக் கூறியுள்ளார். கிக்கூயு மக்கள் தாயின் பெயரைக் காத்தனர். சவ்வாது மலையில் தந்தையின் ஊர்ப்பெயர் மட்டுமே காக்கப்பட்டது.

ஆனால் கதை மறந்ததை வழக்கம் மறக்கவில்லை போலும். சவ்வாது மலையில் அந்நாளில் நிலவிய மணமுறை குறித்து மேற்கூறிய கையேட்டு மரபில் ஒரு செய்தி வருகிறது. மணம் செய்ய விரும்பும் இளைஞன், பெண்ணின் வீட்டில் குறைந்தது ஓராண்டேனும் உழைத்து, அவள் தாயின் இசைவைப் பெறுதல் வேண்டும் என்பதே அது. தந்தையின் இசைவு அன்று, தாயின் இசைவு! கீழ்நாட்டு வேளாளரிடம் இவ்வழக்கம் இல்லை. கைம்பெண் மறுமணமும் மலையாளிகளிடையே தடையின்றி நடைபெற்று வந்தது. காஞ்சியிலிருந்து கொண்டுவந்தது என்று இவற்றைக் கூறவியலாது.

சமயத்திலும் இதே இரட்டை இயல்பைக் காணலாம். பெருமாளைத் தொழுவர்; சிவனையும் வணங்குவர். மாரியம்மனுக்கும் காளிக்கும் விழா எடுப்பர். மலையைச் சூழ்ந்த கீழ்நாட்டில் பெருஞ்சமயங்கள் பலவும் வேரூன்றியவை. ஒருபுறம் திருவண்ணாமலை, மற்றொருபுறம் போளூரை அடுத்த திருமலையில் குந்தவை பெயரால் அமைந்த சமணக் கோயில். மலைமேல் இருந்த வழிபாடோ வேறு. ஆண்டுக்கொருமுறை பதினைந்து நாள் நடைபெற்ற காளி விழாவைப் பற்றிச் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் குறிப்பு ஒன்று உண்டு. கோயில் இல்லை, திறந்த வெளியில் ஒரு கல்லே தெய்வம். அந்நாள்களில் கீழ்நாட்டார் அப்பக்கம் செல்ல அஞ்சினர். மலையாளிப் பெண்களும் அவ்விழாவைக் காணலாகாது. விழாவில் ஈடுபட்ட ஆடவர் தம் மனைவியரோடும் பேசலாகாது. பெண் தெய்வத்தின் விழாவில் பெண்கட்கு இடமில்லாமை வியப்புக்குரியதே. இதனை எழுதிய அதிகாரி விழாவை நேரில் கண்டவர் அல்லர் என்பதையும் நாம் மறத்தலாகாது. வெளியார்க்கு விலக்கப்பட்ட சடங்கை வெளியார் ஒருவர் எழுதும்போது, அச்சமும் கேள்வியுமே பெரும்பகுதியாக அமைந்துவிடும்.

ஆட்சி முறையில் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. சோழர் காலக் கல்வெட்டுக்களைப் படித்தோர் ‘நாடு’ என்னும் பிரிவை அறிவர். அதன் அவையினர் நாட்டார் எனப்பட்டனர். சமவெளியில் அப்பிரிவு மறைந்து வட்டமும் மாவட்டமும் வந்துவிட்டன. மலையிலோ புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என அப்பெயர் இன்றும் உயிரோடு வழங்குகிறது. கொல்லி மலையிலும் வளப்பூர்நாடு, சேலூர்நாடு என்று உண்டு. நாட்டான் நாட்டுக்குத் தலைவன். ஊர்க்கவுண்டன் ஊருக்குத் தலைவன். மணவழக்கும் நிலவழக்கும் நெடுங்காலம் அவர்கள் முன்னிலையிலேயே தீர்க்கப்பட்டன.

அவர்கள் தீர்க்கமுடியாத வழக்கு ஒன்று 1882இல் தோன்றியது. அவ்வாண்டு சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் நிறைவேறியது. மலைநாட்டார் நிலத்தை இருவகையாகப் பகுத்திருந்தனர். ஏர் பூட்டி உழுவது உழவுக்காடு. சரிவுகளில் புதர் எரித்துக் கொத்தி விதைப்பது கொத்துக்காடு. சாமையும் தினையும் கேழ்வரகும் கொள்ளும் விளைந்தன. கொத்துக்காட்டைச் சில ஆண்டு பயிரிட்டுப் பின் ஆறப் போடுவர். ஆறப் போட்ட நிலம் யாருக்கும் உரியதன்று என்று புதிய சட்டத்தின் கண்களுக்குத் தோன்றியது. காடுகள் ஒதுக்கக் காடுகள் ஆயின. சந்தனத்துக்குப் பெயர்பெற்ற மலையில், மரம் அரசுக்கும் சுமை மக்களுக்கும் என்று ஆயிற்று. காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கும் சட்டம் 2006இல்தான் இயற்றப்பட்டது. இடைப்பட்ட 124 ஆண்டுகளில் எத்தனை கொத்துக்காடுகள் கைமாறின என்பதற்கு மலைமக்கள் பக்கத்துக் கணக்கு எதுவும் எழுதப்படவில்லை.

விடுதலைக்குப் பின், 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணையால் பழங்குடியினர் பட்டியல் வகுக்கப்பட்டபோது மலையாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர். கல்வியிலும் அரசுப் பணியிலும் ஒதுக்கீடு கிடைத்தது. அப்பொழுது பழைய கதையே அவர்களுக்கு எதிராகப் பேசப்படுவதும் உண்டு. காஞ்சி வேளாளர் வழியினர் எங்ஙனம் பழங்குடியினர் ஆவர் என்று வினவுவோர், கதையின் முற்பாதியை மட்டும் படித்தவர் ஆவர். பிற்பாதியில் வரும் வேடர் குலப் பெண்கள் எழுவரையும் அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

பட்டியலிலும் ஒரு விந்தை உண்டு. அது மலையாளிகள் என்று மட்டும் கூறி அமையாமல், தருமபுரி, வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களின் பெயரையும் சேர்த்துக் கூறுகிறது. அம்மாவட்டங்களுக்குப் புறம்பாக, முன்னாளில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர் ஈரோடு மாவட்டத்தில் அடங்கிய பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கின்றனர். பெயர் ஒன்று, மொழி ஒன்று, தொழிலும் ஒன்று. மாவட்ட எல்லைக்கு அப்பால் வாழ்ந்த காரணத்தால் அவர்கள் நெடுங்காலம் பட்டியலுக்குப் புறத்தே நிற்க நேர்ந்தது.